வால்பாறை: ஜீப்காரர் காட்டாத காடு

முதலில் ஆத்திரத்தைக் கொட்டிவிடுகிறேன். "ஏழு பாயிண்ட், 2,800 ரூபாய்" என்று பேசி வால்பாறையில் ஏற்றிய ஜீப், சாயங்காலத்துக்குள் காட்டியது இரண்டு அணை, ஓர் அருவி, மிச்சமெல்லாம் தேயிலை. "காடு எங்கண்ணே?" என்று கேட்டால் தேயிலைச் சரிவைக் கைகாட்டி, "இதான் சார் காடு" என்கிறார். இறங்கும்போது வெயிட்டிங் சார்ஜ் 300 தனி. காரைக்குடியிலிருந்து போக வர பஸ்ஸுக்கு ஒருவருக்கு ஆகும் செலவு இந்த ஜீப் செலவில் பாதிகூட வராது.

தேயிலை காடு இல்லை. 1890களிலிருந்து மழைக்காட்டை வெட்டிவிட்டு வைத்த ஒற்றைப் பயிர். நடுவே நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் அசல் காடு இன்றைக்கு நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாக, தோட்டங்களுக்கு இடையில் தீவு தீவாகக் கிடக்கிறது. சில துண்டுகள் ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது. பெரியது 300 ஹெக்டேர் அளவு. பார்க்க வேண்டியது இவற்றைத்தான். அதற்கு ஜீப்பே தேவையில்லை, ரோட்டோரம் நின்றால் போதும். உள்ளே கால் வைக்க அனுமதி வேண்டும், கேட்டவுடன் கிடைக்காது.

போகிற வழி காரைக்குடிப் பக்கத்து நம் ஆட்களுக்குப் பாதி மனப்பாடம். குன்றக்குடியிலிருந்து தைப்பூசக் காவடி நடக்கிற அதே சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி. அதற்கப்புறம் பொள்ளாச்சி. நேரடி வண்டிக்குக் காத்துக் கிடக்காமல் மாறி மாறிப் போவதே மேல். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், அரசு பஸ். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் விதிகளைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் பாடமே அங்கேதான். அடிவாரம் நம்மூர்ப் பொட்டல் மாதிரி முள்ளும் காய்ந்த புல்லும். 9ஆவது வளைவில் பாறையில் வரையாடு நிற்கும். ஏற ஏற இலையுதிர் மரங்கள். அட்டகட்டிப் பக்கம் போனதும் காற்றே மாறிவிடும். கோடையிலும் இலை உதிராத அடர்ந்த பச்சை. வால்பாறையில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் அளவில் மழை. நம் சிவகங்கைச் சீமையில் சுமார் 900.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்த நமக்குப் பெரிய மரம் என்றாலே தேக்குதான். மழைக்காட்டில் அதைத் தேடாதீர்கள், தேக்கு இலையுதிர் காட்டு மரம். இதே ஆனைமலையில் வேறு பக்கம் இருக்கும் டாப்ஸ்லிப்பில் பார்ப்பது பெரும்பாலும் மனிதன் நட்ட தேக்கு. அங்கேயே கரியன் சோலை என்ற அசல் பசுமைமாறாக் காடும் இருக்கிறது. மார்ச்சில் போனால் வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்: தேக்கு மொட்டையாக நிற்கும், சோலைக்குள் பகலிலேயே இருட்டு.

மழைக்காட்டில் நமக்குத் தெரிந்தவை வேறு. மிளகுக்கும் ஏலத்துக்கும் பிறந்த ஊரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். மரத்தைச் சுற்றி ஏறும் காட்டு மிளகுக் கொடியை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். இன்னொன்று, நம் குழம்பில் வாசத்துக்குப் போடும் கல்பாசி. பேரில்தான் கல், பேரில்தான் பாசி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் அது. மலையில் வெளிச்சம் படும் மரப்பட்டைகளிலும் ஒட்டி வளரும். மேலே சாம்பல் பச்சை, திருப்பினால் கறுப்பு, ஓரம் சுருள் சுருளாக. வளர்வது மிக மெதுவாக, காற்றில் புகை ஏறினால் முதலில் சாவதும் இந்த வகைதான். பார்த்ததும் பிய்த்துப் பையில் போட ஆசை வரும், வேண்டாம். இதில் வேடிக்கை, டவுனில் "செட்டிநாடு சிக்கன்" என்று போர்டு போட்ட கடைக் குழம்பில் கல்பாசி வாசமே இல்லை, கலர்ப்பொடிதான் இருந்தது. அந்தக் கடை டீயும் வெறும் டஸ்ட் டீ. சுற்றிலும் தேயிலையை வைத்துக்கொண்டு!

டவுனுக்குச் சற்று முன்னாலேயே புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குக்கு இங்கே இறங்குங்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அழகர்கோவிலில் பையைப் பிடுங்குகிற நாட்டுக்குரங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தவிர வேறெங்கும் இதற்குக் காடு இல்லை. இயல்பாகத் தரையிறங்காத குரங்கு. வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் பூ, பழம், பூச்சி என்று மரத்திலேயே பிழைக்கும். காடு துண்டானதால் ரோட்டைக் கடக்கிறது, பிஸ்கட் போடுகிறவர்களால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது, பிறகு வண்டியில் அடிபடுகிறது. மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பாருங்கள். சீப்புச் சீடையைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துச் சரசரக்காதீர்கள். மூடி இறுகிய எவர்சில்வர் சம்படம் கொண்டுபோங்கள்.

இருவாட்சிப் பறவையைப் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று மட்டும் விட்டு. மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்து கிழட்டு மரத்தில்தான் கிடைக்கும். ஆகவே பட்டுப்போனது என்று ஒரு மரத்தை வெட்டினால் ஒரு கூடு போனது.

துண்டுக் காடுகளைத் திரும்ப வளர்க்கிற வேலையும் இங்கே நடக்கிறது. தேக்கு நட்ட மாதிரி எளிதில்லை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையை விதைநெல் மாதிரி காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ரோட்டோரம் விழுந்து நசுங்கப்போகும் விதையைப் பொறுக்கி, ஈரம் போகுமுன் நாற்றங்காலில் போட வேண்டும். கன்று தயாராக ஓராண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். நடும் இடத்தில் மண்டிய உண்ணிச்செடிக் களையை அரிவாள் வீசி மொத்தமாகச் சரித்தால் அடியில் தானாக முளைத்த நாட்டுக் கன்றுகளும் போய்விடும். அடையாளம் தெரிந்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். நடவு ஜூனில் மழை பிடித்தபின். ஒரே மரத்தை வரிசையாக வைத்தால் அதுவும் தோட்டம்தான், அதனால் பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள்.

மழையில் போனால் அட்டை நிச்சயம். அதை விரட்ட உப்பைத் துணியில் முடிந்து போகிறார்கள், அது மழையில் கரைந்துவிடும். முழங்கால் வரை நெருக்கமாக நெய்த சாக்ஸ், பேன்ட் காலை அதற்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், ஒட்டியிருக்கும் வாய்க்கு அடியில் நகத்தை நுழைத்து நெம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம்.

சாயங்காலம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த வட்டாரத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். அந்த வழியே நடந்து போகாதீர்கள், அறை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும்.