நாய்க்குக் கிட்னி பழுது: 'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

எங்கள் பொமரேனியனுக்கு 12 வயது, எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் அதிகம் குடிக்கிறது, ராத்திரியில் எழுந்து எழுந்து மூத்திரம் போகிறது என்று கொண்டுபோனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.3. "நார்மல்தான், வயசாகுதுல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வேறு இடத்தில் முறையாகப் பார்த்தபோது 3.1. இடையில் வீணாகப் போன மாதங்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கிட்னி நோயை நிலைகளாகப் பிரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் ஐரிஸ் (IRIS) கணக்கில், நாய்களுக்குக் கிரியாட்டினின் 1.4க்குக் கீழே முதல் நிலை, 2.8 வரை இரண்டு, 5.0 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிடுவதுதான் வினை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தொடைச் சதை வற்றிப்போன கிழட்டுச் சின்ன நாய்க்கு அது குறைத்தே காட்டும். போதாததற்கு, சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய முக்கால்வாசி போன பிறகுதான் அது வரம்பைத் தாண்டும். அதனால் ரத்தம் எடுக்கும் அன்றே சிறுநீரின் ஒப்படர்த்தியையும் (சிறுநீர் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்ற அளவு) பார்க்கச் சொல்லுங்கள். கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் செய்வார்கள் என்று இருக்காதீர்கள். 1.030க்கு மேல் இருந்தால் ஓரளவு நிம்மதி. திரும்பத் திரும்ப 1.008க்கும் 1.012க்கும் நடுவிலேயே நின்றால், கிரியாட்டினின் நார்மல் என்றாலும் விடக்கூடாது. எஸ்.டி.எம்.ஏ. (SDMA) என்ற இன்னொரு கிட்னி ரத்தப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சாராதது. வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் மெலிந்த நாய்க்கு அதையும் எடுத்துவிடுவது நல்லது. வீட்டில் அளக்க வழி: ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால், அதாவது ஐந்து கிலோ நாய் அரை லிட்டரைத் தாண்டினால், அது வெயிலால் என்று தள்ளிவிடாதீர்கள்.

குட்டையான நாயிடம் சிறுநீர் பிடிக்கக் கிண்ணம் உதவாது, உள்ளே நுழையாது. நீளக் காம்பு வைத்த, ஆழம் குறைந்த குழிக் கரண்டியைக் கழுவிக் காயவைத்துப் பின்னாலிருந்து நீட்டுங்கள். காலையில் முதலில் போவதைப் பிடியுங்கள். மணலில் விழுந்ததை அள்ளிக் கொண்டுபோனால் பயனில்லை.

மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் இருப்பவர்கள் ராமநாதபுரம் போவது பெரிய காரியமில்லை. எடுத்த ரத்தத்தை எங்கே ஓட்டுவது என்பதுதான் பெரும்பாடு. போனில் கேட்டபோது "கொண்டு வாங்க" என்ற ஒரு லேபில், நேரில் போனதும் கவுண்டரில் இருந்தவர் "நாய் ரத்தமா? எங்க மெஷின்ல போட மாட்டோம்" என்று டியூபைத் தொடவே மறுத்துவிட்டார். அதே டியூபை வெயிலில் மதுரைக்கு அனுப்பினோம். ரத்த அணுக்கள் உடைந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சிவந்துவிட்டது, பாஸ்பரஸ் கன்னாபின்னாவென்று ஏறி வந்தது, எல்லாம் தண்டம். அணு உடைந்தால் உள்ளே இருக்கும் பாஸ்பரஸும் சில நாய்களுக்குப் பொட்டாசியமும் சீரத்தில் கலந்துவிடும்; அந்த எண்ணை வைத்து மருந்து கூட்டினால் ஆபத்து. ரத்தம் உறைந்ததும் அங்கேயே சுழற்றிச் சீரத்தைத் தனி டியூபில் பிரித்து வாங்குங்கள். ஐஸ் பையைத் துணியில் சுற்றி, டியூபில் நேராகப் படாமல் வையுங்கள். 'நாய் சாம்பிள்' என்ற வார்த்தையைச் சொல்லி, யாரிடம் பேசினீர்கள் என்ற பெயரையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மனிதர்களுக்கான லேபில் ஓட்டினால் இன்னொரு வில்லங்கம். நம் ஊரில் பெரும்பாலும் 'யூரியா' என்று தருவார்கள். நாய்களுக்கான அட்டவணைகளில் 'யூரியா நைட்ரஜன்' இருக்கும். யூரியாவை 2.14ஆல் வகுத்தால்தான் அந்த எண் கிடைக்கும். 90 என்று பார்த்துப் பதறவேண்டாம், அது 42.

சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் 0.5க்கு மேல் இருந்தால் தனி மருந்து உண்டு. உண்ணிக் காய்ச்சலும் புரதத்தை ஏற்றும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டினாலும் மாத்திரை வேண்டும். சின்னக் காலுக்கேற்ற பட்டை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

கெட்ட கிட்னியால் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் ஏறும். மருந்துக்கடையில் ஏமாறும் இடம், சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே கட்டும் மாத்திரை. சீட்டில் இருந்தது கால்சியம் அசிடேட் 667 மி.கி., டயாலிசிஸ் நோயாளிகளுக்கு விற்பதுதான். கடைக்காரர் "ரெண்டும் கால்சியம்தான்" என்று எலும்புக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதில் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கிறது. டி3 குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்தே உறிஞ்ச வைக்கும், வேலையே தலைகீழாகிவிடும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். எத்தனை பங்காக உடைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் சோற்றோடு பிசைந்தே தரவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் கட்டுவதற்கு அங்கே பாஸ்பரஸே இருக்காது. அவ்வப்போது ரத்தத்தில் கால்சியத்தையும் பார்க்கவேண்டும். மூட்டு வலிக்கு வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கூடாது. ஏற்கெனவே வேறு வலிக்கு மெலாக்சிகாம் ஓடுகிறதென்றால் உடனே சொல்லுங்கள்.

சாப்பாடுதான் நம் கடற்கரையில் பெரிய போராட்டம். சூடை, காரல், நெத்திலி என்று முள்ளோடு போடும் சின்ன மீன் அத்தனையும் பாஸ்பரஸ் மூட்டை. கருவாட்டில் உப்பு வேறு. மீன் தலை, எலும்பு சூப்பும் அப்படியே. மீன் குழம்பு ஊற்றிய சோறு இன்னும் மோசம்: வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம், திராட்சை தின்ற நாய்களுக்குக் கிட்னி கெடுவதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. பக்கத்து வீட்டு அக்கா "பாவம், வாயில்லா ஜீவன், வத்திப்போச்சே" என்று வாசலில் வைக்கும் ஒரு துண்டு காரலில் நம் ஒரு வாரப் பாடு போய்விடும். கோபப்படாமல், அவர் கையாலேயே கொடுக்க வெந்த முட்டை வெள்ளைக்கருவை நறுக்கிக் கொடுத்து வையுங்கள். அது நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சள் கரு வேண்டாம். சோறு, வெள்ளைக்கரு, சுரைக்காய் என்று வீட்டில் ஆக்கிப் போடுவது சில நாளுக்குத்தான். நெடுநாள் என்றால் மருத்துவர் வகுத்த அளவோடு சத்து மருந்தும் சேரவேண்டும். கிட்னி நாய்களுக்கான தீனியை வாந்தி, குமட்டல் இருக்கும்போது ஆரம்பித்தால் அந்த வாசனையையே வெறுத்துவிடும். குமட்டலை முதலில் அடக்கி, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மூன்றாம் நிலையில் பாஸ்பரஸை 5.0க்குக் கீழே கொண்டுவருவதுதான் குறி.

தண்ணீர்க் கிண்ணத்தை ராத்திரியில் எடுத்துவைக்கச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், இந்த நாயால் தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாது. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரை ஊற்றினால் குறைவாகக் குடிக்கும். நாம் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னால் பாட்டிலில் 'ரிங்கர் லாக்டேட்' அல்லது 'காம்பௌண்ட் சோடியம் லாக்டேட்' என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். டெக்ஸ்ட்ரோஸ் என்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். எங்களுக்குச் சொன்னது ஒரு தடவைக்கு 75 மில்லி. பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, 20 நம்பர் ஊசியை அடியில் நுழைக்க வேண்டும். மறுபக்கம் ரோமம் நனைந்தால் ஊசி துளைத்து வெளியே வந்துவிட்டது. வீக்கம் முன்னங்காலுக்கு இறங்கினால் பயமில்லை. முந்தைய தடவை ஏற்றியது வற்றாமல் இருந்தால் மட்டும் அடுத்ததை ஏற்றாதீர்கள். சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வும் தளரும் என்பதால் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடவேண்டும்.

எடையை நாயைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறிக் கழித்துப் பார்த்தால் சரியாக வராது. மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தொங்கு டிஜிட்டல் தராசில் கூடையை மாட்டி நாயை உட்காரவையுங்கள். ஐந்து கிலோவில் 100 கிராம் என்பது நூற்றுக்கு இரண்டு, அது குறைந்தாலே காரணம் தேடவேண்டும். எங்கள் நாய்க்குப் பாஸ்பரஸ் இப்போது 4.7, எடையும் 150 கிராம் ஏறியிருக்கிறது.