ஆறாத தையலும் நீக்கச் சொன்ன உணவுகளின் பட்டியலும்

அம்மாவுக்கு வயிற்றில் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரங்கள் கடந்த பிறகும், தையல் போட்ட இடத்தின் கீழ்முனையில் விரல்நுனி அளவுக்கு ஒரு புண் மூடாமலேயே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றியும் நீர் கசிவது நின்றபாடில்லை. அப்போதுதான் உறவினர் ஒருவர், உண்மையான அக்கறையோடு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். ரிப்போர்ட்டின் முதல் பகுதியில் வைட்டமின்களும் தாதுக்களும் இருந்தன. இரண்டாம் பகுதியில், 200-க்கும் மேற்பட்ட உணவுகளில் அம்மாவின் உடலுக்கு எவை ஒத்துக்கொள்ளவில்லை என்ற பட்டியல் இருந்தது. பால், முட்டை, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகிய ஐந்தும் சிவப்பில் அச்சாகியிருந்தன. அம்மா அன்றைக்கே அவற்றையெல்லாம் நிறுத்திவிட்டார். மூன்று வாரங்களில் மூன்று கிலோ எடை குறைந்தது. புண் அப்படியே இருந்தது.

அந்த மூன்று வாரங்களை நினைக்கும்போது இன்றும் வருந்துகிறேன். சத்துக் குறைவால் காயம் ஆறாமல் போகுமா என்று கேட்டால், ஐயத்துக்கு இடமின்றிப் போகும். 1939-இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் இதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். வைட்டமின் சி அறவே இல்லாத உணவை மட்டும் ஆறு மாதம் உண்டு, இடையிடையே தம் முதுகில் கீறல் போடச் செய்து, அது எப்படி ஆறுகிறது என்று கவனித்தார். ஏறத்தாழ ஆறு வாரத்திலேயே அவருடைய ரத்த நீரில் வைட்டமின் சி இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் மூன்றாம் மாதம் போட்ட கீறல் நன்றாகவே ஆறியது. ஆறாம் மாதம் போட்ட கீறலோ மேல்தோலில் மட்டும் மூடிக்கொண்டு, உள்ளே ஒட்டாமலே கிடந்தது. வைட்டமின் சி ஊசி ஏற்றத் தொடங்கிய பிறகு அதே இடம் பத்து நாட்களில் ஆறிவிட்டது. காயத்தை இழுத்துக் கட்டும் கொலாஜன் என்ற புரத நாரை உறுதியாக முறுக்கிக்கொள்ள உடலுக்கு அந்த வைட்டமின் வேண்டும்.

இந்தச் சோதனையில் இரண்டு செய்திகள் இருப்பதாக நான் கருதுகிறேன். கடுமையான சத்துக் குறைவு காயம் ஆறுவதைத் தடுத்து நிறுத்தும் என்பது முதல் செய்தி. அதைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படும் இரண்டாவது செய்தி, ரத்தத்தில் ஓர் எண் பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் பல வாரங்களுக்குக் காயம் ஆறிக்கொண்டுதான் இருந்தது என்பது. ரிப்போர்ட்டில் ஓர் அளவு குறைவாக இருப்பதாலேயே ஆறாத புண்ணுக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

துத்தநாகத்தின் கதையும் இதையே சொல்கிறது. 1967-இல் வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், இடுப்புக்குக் கீழே அறுவை செய்துகொண்ட இளைஞர்களுக்குத் துத்தநாக மாத்திரை கொடுத்தபோது புண் சராசரியாக 46 நாட்களில் ஆறியதாகவும், கொடுக்கப்படாதவர்களுக்கு 80 நாட்கள் ஆனதாகவும் எழுதினார்கள். அதன் பிறகு உலகெங்கும் துத்தநாகத்துக்குப் பெரிய மதிப்பு வந்தது. ஆனால் உடலில் துத்தநாகம் போதுமான அளவு உள்ளவர்களிடம் பின்னர் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அவ்வாறு கிடைக்கவில்லை. அதிக அளவில் மாதக்கணக்காக எடுத்துக்கொண்டால் உடலில் தாமிரம் குறைந்து, அதனாலேயே ரத்தசோகை வரக்கூடும்.

அம்மாவின் ரிப்போர்ட்டிலும் துத்தநாகமும், ரத்தத்திலுள்ள புரதமான அல்புமினும் குறைவு என்றே இருந்தது. உடலில் அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் இவ்விரண்டும் தாமாகவே இறங்கும் என்பதையும், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு மாறாக உயர்ந்து, இருக்கும் குறையை மறைத்துவிடும் என்பதையும் நான் பிறகுதான் அறிந்தேன். அல்புமினைச் சத்து நிலையின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று ஊட்டச்சத்துச் சிகிச்சைக்கான அமெரிக்க அமைப்பான ஆஸ்பென் 2020-இல் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆறாத புண் உள்ளவரின் உடலில் அழற்சி இருக்கத்தானே செய்யும்? அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த எண்களைத் தனியே படிப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

இத்தனை குறைகள் இருந்தாலும், சத்துப் பரிசோதனையால் சிலருக்குப் பயன் உண்டு. உணவு ஒவ்வாமைப் பட்டியலைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பரிசோதனை அளப்பது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புரதத்தை. நாம் ஓர் உணவைத் தொடர்ந்து உண்டு, உடல் அதற்குப் பழகியிருந்தால் அந்த எதிர்ப்புரதம் உண்டாவது இயல்பு. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-இலும், கனடாவின் அமைப்பு 2012-இலும், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தன. சிவப்பில் இருந்த ஐந்தும் அம்மா பல ஆண்டுகளாக எந்தத் தொந்தரவுமின்றி உண்டுவந்த உணவுகள் என்பதை நாங்கள் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முட்டையும் பருப்பும் கத்தரிக்காயும் சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்று சொல்லும் பத்தியம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. பாட்டி சொன்னதையே பரிசோதனைக் கூடமும் அச்சிட்டுக் கொடுத்தபோது அம்மாவுக்கு அது இரட்டை உறுதியாகத் தோன்றியது. பெரியவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால், புதுச் சதை கட்ட வேண்டிய நேரத்தில் புரதத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவது பெருந்தீங்கு என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோதுமையைப் பற்றி மட்டும் ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையின் புரதம் சிறுகுடலைச் சேதப்படுத்துவதால் இரும்பு, ஃபோலேட், துத்தநாகம் ஆகியவை உடலில் சேராமல் போகும். இது மெய்யான நோய். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோதுமையை நிறுத்தும் முன்பே அதைச் செய்துகொள்ள வேண்டும், நிறுத்திவிட்டால் எதிர்ப்புரதம் குறைந்து நோய் தெரியாமல் போய்விடும். தென்னிந்தியாவில் இந்நோய் வட இந்தியாவைவிட மிகவும் அரிது.

எடை குறைந்ததைப் பார்த்துக் கலங்கி, அறுவை மருத்துவரிடமே அம்மாவை மறுபடி அழைத்துச் சென்றோம். அவர் எடுத்த எடுப்பில் புண்ணைத்தான் பார்த்தார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்தார். கசிவை எடுத்து, சாதாரணக் கிருமிகளோடு மைக்கோபாக்டீரிய வகைகளையும் தேடும்படி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். அந்த வகைக் கிருமிகள் அறுவை சிகிச்சைக்குப் பல வாரங்கள் கழித்துத் தலைகாட்டும் என்றும், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாது என்றும் விளக்கினார். நல்லவேளையாக அவை எதுவும் வளரவில்லை. புண்ணின் அடியில் கரையாத நூலின் முடிச்சு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 8.7 சதவீதம் என்று வந்தது. சர்க்கரை உயர்ந்திருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரிவர வேலை செய்யாது என்று சொல்லி மருந்தை மாற்றினார். அம்மா 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்பவர். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும் என்பதால் அதையும் பார்க்கச் சொன்னார். அது குறைவாகவே இருந்தது, ஊசி தொடங்கினோம். இங்கே சத்துப் பரிசோதனை உண்மையிலேயே பயன்பட்டது. காரணத்தை ஊகித்துக் கேட்ட ஒரே ஒரு பரிசோதனை அது.

உணவியல் ஆலோசகர் அம்மாவின் 58 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 70 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்று கணக்கிட்டு, சிறுநீரகம் நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, தட்டை மாற்றினார். இரண்டு இட்லியும் ரசம் சாதமுமாக இருந்த நாளில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டிப் பருப்பு, அரை லிட்டர் பால், மீன் எல்லாம் சேர்ந்தன. முதல் முட்டையை அம்மா பயந்துகொண்டேதான் சாப்பிட்டார். ஒரு வாரம் கடந்தும் சீழ் வரவில்லை என்று கண்ட பிறகே அவருக்குத் தைரியம் வந்தது.

அதன்பின் ஐந்து வாரத்தில் புண் மூடியது. நூல் முடிச்சு, சர்க்கரை, பி12, முட்டை என்று ஒரே சமயத்தில் நான்கையும் மாற்றியதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. முடிச்சுக்கும் சர்க்கரைக்கும்தான் பெரும்பங்கு என்பது மருத்துவரின் கருத்து. சிவப்புப் பட்டியலில் இருந்த ஐந்து உணவுகளையும் அம்மா இப்போது தினமும் சாப்பிடுகிறார்.