குறைந்தது சிஆர்பி

"நேத்து 96, இன்னைக்கு 58. குறைஞ்சிருக்கே மேடம்?"

சிசியு என்ற இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சிஆர்பி ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டார் மகள். உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம் அது. மாரடைப்பு வந்த அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள். நான் சொன்னேன்: "ஆமாம்மா, மருந்து வேலை செய்யுது."

மருந்து என்று நான் சொன்னது கொல்கிசினை. அழற்சியைக் குறைக்க, கவுட் மூட்டுவலிக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை, தினம் 0.5 மில்லிகிராம். சீஃப் டாக்டர் எழுதியிருந்தார். அதற்கு ஆதாரமும் இருந்தது. 2019-இல் வந்த கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களில் இதய மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எல்லாம் சேர்த்து 5.5 சதவீதம்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1. 4,745 பேரிடம் பார்த்தது. ஆகவே நான் இல்லாததைச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 58-க்கு மாத்திரைதான் காரணமா? இதயத் தசை செத்ததும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் ஏறும், அது சொல்லிக் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம்தான். மாத்திரையே கொடுக்காமல் இருந்தாலும் எண் இறங்கியிருக்கலாம். வாசலில் நின்றபோதே இது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். காலை எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 30 சதவீதம்தான். சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. அதை நான் சொல்லவில்லை. அவர் கேட்டது சிஆர்பியை, நான் அதற்குப் பதில் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது அப்பாவை.

நான் திரும்பி நடக்கும்போதே போனில் பேசினார்: "இன்ஃபெக்ஷன் குறைஞ்சிடுச்சாம்டா, நீ சனிக்கிழமை வந்தா போதும்." தம்பி புனேயில் இருந்தார். இன்ஃபெக்ஷன் இல்லம்மா, இது வேற என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். அடுத்த பெட்டில் மானிட்டர் கத்தியது, போய்விட்டேன். மறுநாள் இரவு அப்பா இறந்தார். வியாழக்கிழமை.

2024-இல், மாரடைப்பு வந்தவர்களிடம் அதே கொல்கிசினைச் சோதித்த கிளியர் ஆய்வின் முடிவு வந்தது. 7,062 பேர். மூன்று மாதத்தில் கொல்கிசின் எடுத்தவர்களுக்கு சிஆர்பி குறைந்துதான் இருந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் கூட்டுக் கணக்கு மட்டும் கொல்கிசின் எடுத்தவர்களில் 9.1 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9.3; வித்தியாசமே இல்லை. படித்தபோது அந்த வாசல்தான் கண்ணில் நின்றது. ஆனால் ஆய்வு எப்படி வந்திருந்தாலும் அந்தத் தம்பி புதன்கிழமை ரயில் ஏறியிருக்க மாட்டார். அது என் வாக்கியத்தால் நடந்தது.

போன மாதம் ஒரு அம்மா இதே போல ரிப்போர்ட்டோடு வந்தார். "குறைஞ்சிருக்கு. ஆனா இதை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்று சொல்லி, எக்கோவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் விளக்கி, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சிஸ்டர் சொன்னார்.

அவர் கணவர் எட்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.