நான் எங்க போறன் எண்டு சிரிச்சன்

"அண்ணா, நீங்கள் போனா இதை ஆர் பாக்கிறது?" எண்டுதான் எங்கட டீமில வேலை செய்த அந்தப் பிள்ளை கேட்டது. நான் சிரிச்சுக்கொண்டு "நான் எங்க போறன்" எண்டு சொல்லிப்போட்டு போர்டில அடுத்த பெட்டியைக் கீறினன். 2019 இல நடந்த கதை. இப்பவும் பரந்தன் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கேக்க அது ஞாபகம் வரும், கேள்வியை விட நான் சிரிச்ச சிரிப்புத்தான் கூட வரும்.

நாங்கள் செய்தது பால் சேகரிக்கிற இடங்களில பாலைப் பதியிறதுக்கான கொம்பியூட்டர் சிஸ்டம். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாங்குளம் எண்டு 40 இடம். அந்தப் பிள்ளை சொன்னது புரோகிராம் எழுத லாரவெல், பதிவுகளை வச்சிருக்க போஸ்ட்கிரெஸ் எண்ட டேட்டாபேஸ், ஒரு சேர்வர், அவ்வளவுதான். நான் சொன்னது புரோகிராமைக் கன துண்டாப் பிரிக்கிற மைக்ரோசேர்விஸ், துண்டுகளுக்கிடையில தகவலை வரிசையா வச்சுக் குடுக்கிற காஃப்கா, மொங்கோடிபி எண்ட வேறொரு டேட்டாபேஸ், எல்லாம் கன சேர்வரைச் சேத்து ஓட்டுற குபெர்னெட்டிஸுக்கு மேல. "நாளைக்கு இலங்கை முழுக்கப் போனா ஸ்கேல் ஆகோணும் பிள்ளை" எண்டன். மற்றவங்கள் தலையாட்டினாங்கள், நான் சீனியர் எண்டபடியா ஆட்டினாங்களோ விளங்கி ஆட்டினாங்களோ தெரியாது.

இப்ப கணக்குப் பாத்தா வெக்கமாக் கிடக்கு. இடத்துக்கு 100 பேர் எண்டா காலமைக்கு 4,000 பதிவு, 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில. செக்கனுக்கு ஒண்டு கூட வராது. லிங்க்ட்இன் தன்ர தேவைக்குச் செய்து 2011 இல வெளியில விட்ட சாமான் காஃப்கா, அதுக்குக் காவலா அந்த நேரம் சூகீப்பர் எண்ட இன்னொரு புரோகிராமும் வேற ஓடோணும், இவ்வளவும் மாட்டுப்பாலுக்கு.

ஆனா நான் சும்மா படம் காட்டச் செய்யேல்ல. உள்ளுக்குள்ள போனா சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அப்ப பதிவுகள் துலையாம வரிசையில நிக்க ஒரு இடம் வேணும்தானே? அதுக்குத்தான் காஃப்கா எண்டு நினைச்சன். சிக்னல் இல்லாட்டி பதிவு காஃப்கா வரைக்கும் வரவே வராது, வரிசை நிக்கவேண்டியது பால் அளக்கிறவற்ர போனுக்குள்ள எண்டு எனக்கு விளங்க எட்டு மாசம் எடுத்தது. மொங்கோவில ஒரே ஆளின்ர கணக்கு ரெண்டாப் பிரிஞ்சு நிண்டதையும் சொல்லோணும், அதுக்கு மொங்கோவைக் குறை சொல்லேலாது, ஒரு ஆளுக்கு ஒரு கணக்குத்தான் எண்டு ஒரு கட்டுப்பாடும் போடாம விட்டது நான்.

இன்னொண்டு. முழுக்க ஓப்பன் சோர்ஸ், அதாவது ஆரும் கோடைப் பாத்து மாத்திப் பாவிக்கலாம் எண்டு கையெழுத்து வச்சுக் குடுத்தன். மொங்கோ 2018 ஒக்டோபரிலயே லைசன்ஸை மாத்திப்போட்டுது, எந்த லைசன்ஸ் ஓப்பன் சோர்ஸ் எண்டு பாத்துச் சொல்லுற ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அதை ஏற்கவும் இல்லை. எங்களைப் போல உள்ளுக்குப் பாவிக்கிற ஆக்களுக்கு அதால ஒரு இடைஞ்சலும் வராதுதான், எண்டாலும் நான் எழுதிக் குடுத்தது சரியில்லை. ஒருத்தரும் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல.

பேந்து 2022. மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய்ச் சொச்சமா இருந்த டொலர் மே மாசம் 360 க்குக் கிட்டப் போட்டுது, வாடகைக்கு எடுத்த சேர்வர்களுக்கான கிளவுட் பில்லோ டொலரில. மூண்டு சேர்வர் சேந்த கிளஸ்டருக்கு ஏன் இவ்வளவு காசு எண்டு கஸ்டமர் கேக்க என்னட்டப் பதில் இல்லை. கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் நிண்ட நாளும் இருந்தது, அதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான்.

அதுக்குள்ள பெடியள் ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டாங்கள். ஆறு பேரில அஞ்சு பேர். இதுதான் எனக்குக் குழப்பம். அவங்கள் போனதே குபெர்னெட்டிஸும் காஃப்காவும் தெரிஞ்சபடியாத்தான், கொழும்பில இன்டர்வியூவில அதைத்தான் கேட்டவங்களாம். கிளிநொச்சியில இருந்து லாரவெல் மட்டும் தெரிஞ்சு போயிருந்தா எடுத்திருப்பாங்களோ? எடுத்தும் இருப்பாங்கள், கெட்டிக்காரப் பெடியள். அப்ப நான் பிழையாத் தெரிவு செய்தனா, இல்லாட்டி கஸ்டமற்ர காசில எங்கட பிள்ளையளைப் படிப்பிச்சனா? ரெண்டாவதைச் சொல்லேக்க மனசுக்கு ஆறுதலா இருக்கு, அதாலயே அதை நம்பப் பயமாவும் இருக்கு.

அந்தப் பிள்ளையும் போட்டுது.

போன மாசம் கோல் எடுத்து வீட்டுக்காரரை எல்லாம் விசாரிச்சுப்போட்டு, "அண்ணா, அந்தப் பால் சிஸ்டம் இப்பவும் ஓடுதோ?" எண்டு கேட்டது. "ஓம், நான்தானே பாக்கிறன்" எண்டன். இப்ப அது ஒரு சேர்வரில, போஸ்ட்கிரெஸிலதான் ஓடுது எண்டு வாய் வரைக்கும் வந்தது. பஸ் வருது எண்டு சொல்லி வச்சிட்டன்.