சிரிக்கும் சட்டையைத் தேடிப் போனேன்

ஒன்றரை கிலோமீட்டருக்கு 22 டாலர்! லாஸ் வேகாஸில் ஃப்ரீமான்ட் தெருவிலிருந்து நியான் மியூசியத்துக்கு நடந்தே போயிருக்கலாம். ஜூலை வெயில், 43 டிகிரி, பயந்துவிட்டேன். டாக்ஸிக்காரர் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு காசை வாங்கிக்கொண்டார். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். பெருக்கிவிட்டேன்.

பழைய நியான் விளக்குப் போர்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. நான் தேடிப் போனது ஸ்டைனர் கிளீனர்ஸ் என்ற ட்ரை வாஷ் கடையின் போர்டு. முகம் வைத்துச் சிரிக்கிற ஒரு சட்டை. பியானோ கலைஞர் லிபராச்சி அங்கேதான் துணி போடுவாராம். கல்லும் ஜிகினாவும் இறகுமாக அவர் மேடையில் போட்ட உடுப்புகளைப் படத்தில் பார்த்திருந்தால் கடைக்காரர் பாடு புரியும். நம் பட்டுப்புடவை எல்லாம் எம்மாத்திரம்!

முன்பெல்லாம் ட்ரை வாஷ் பெட்ரோல் வகை எண்ணெயில் நடந்தது. தீப்பிடித்துவிடும் என்று மெஷினைக் கடைவீதியிலிருந்து தள்ளியே வைப்பார்கள். தீப்பற்றாத ‘பெர்க்’ என்ற ரசாயனத் திரவம் வந்த பிறகுதான் மெஷின் கடைக்குள்ளேயே வந்தது, கடையும் மெயின் ரோட்டுக்கு வந்தது. காரில் பறக்கிறவன் கண்ணில் பட வேண்டுமே, அதற்குத்தான் இந்த நியான் கூத்து. அதே பெர்க் கசிந்து பல ஊர்களில் நிலத்தடி நீரைக் கெடுத்தது தனிக்கதை.

ராத்திரி டிக்கெட் விலை கூடுதல் என்று பகலில் போனேன். கஞ்சத்தனத்துக்குத் தண்டனை. நிழலுக்காக மியூசியத்தின் முன்கூடத்துக்கு ஓடியபோதுதான் அந்தக் கட்டடத்தையே ஒழுங்காகப் பார்த்தேன். 1961-இல் கட்டிய லா கோன்ச்சா மோட்டலின் வரவேற்புக் கூடம், சிப்பி போல வளைந்த மெல்லிய கான்கிரீட். இடிபட இருந்ததை 8 துண்டாக அறுத்து, இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ், கறுப்பினத்தவர். பக்கத்தில் உட்கார வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் கூசுவார்களே என்று, எதிரே இருப்பவருக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகியவர். 1960 வரை கறுப்பினப் பாடகர்கள் ‘ஸ்ட்ரிப்’ என்ற இந்த ஊர்ப் பெரிய சாலையின் ஹோட்டல்களில் பாடலாம், பெரும்பாலும் தங்க முடியாது. அடுத்த வருஷமே அதே ஸ்ட்ரிப்பில் இவர் வரைந்த மோட்டல்! அட, ட்ரை வாஷுக்கு முன்னோடியான துணி வெளுக்கும் முறைக்கு 1821-இல் காப்புரிமை வாங்கிய தாமஸ் ஜென்னிங்ஸும் கறுப்பினத்தவர்தான். சட்டையைத் தேடி வந்த எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

திரும்பும்போது நடந்தேன். 20 நிமிஷம்தான். சட்டையெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. ஹோட்டல் லாண்டரி அட்டையில் ஒரு சட்டைக்கு 12 டாலர் என்று போட்டிருந்தது. பாத்ரூமில் நானே கசக்கிக் காயப்போட்டேன்.