மூன்று நாள் எழுதிய ரீட்மியை ஏஜென்ட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை

பாலிமார்க்கெட், கால்ஷி, மேனிஃபோல்ட் மூன்றும் கணிப்புச் சந்தைகள், அதாவது ஒன்று நடக்குமா நடக்காதா என்று 'ஆம்', 'இல்லை' பக்கம் பந்தயம் கட்டும் தளங்கள். மூன்றிலிருந்தும் விலை, ஆர்டர் புக் (எந்த விலைக்கு யார் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல்), முடிவு எல்லாம் எடுத்துத் தருகிற ஒரு எம்சிபி சர்வர் எழுதினேன். ஏஐ மாடலை வைத்து வேலை செய்யும் ஏஜென்ட், தானே கூப்பிட்டுப் பயன்படுத்தும் டூல்களைத் தருகிற நிரல் அது. பந்தயம் எதுவும் கட்டாது, தகவல் எடுக்க மட்டும்தான். கோடு ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. டாக்குமென்டேஷன் மட்டும்தானே பாக்கி என்று நினைத்தேன் பாருங்கள், அந்த 'மட்டும்' ஒரு மாதத்தைத் தின்றுவிட்டது.

முதல் மூன்று நாள் சுத்தமாக வீண். அட்டவணை, படம், கணிப்புச் சந்தை என்றால் என்ன என்ற முன்னுரை எல்லாம் வைத்து நீளமாக ஒரு ரீட்மி, அதாவது நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பு, எழுதினேன். டூல்களின் விளக்கப் பகுதியில் ஆளுக்கொரு வரி: "சந்தையின் விலையைத் தரும்." அவ்வளவுதான். மாடல் கையில் போய்ச் சேர்வதோ டூலின் பெயர், அந்த ஒரு வரி, உள்ளீட்டு ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன, எந்த வகையில் அனுப்ப வேண்டும் என்ற வரையறை), இவைதான். ரீட்மி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, ஆனாலும் கை பழக்கதோஷத்தில் மனிதருக்குத்தான் எழுதியது.

சோதித்துப் பார்த்த நண்பர் முதல் நாளே கேட்டார்: "என்னங்க, தளத்துல ஒரு விலை இருக்கு, உங்க டூல் வேற சொல்லுது?" அரை நாள் கோடில் தேடினேன். தப்பு கோடில் இல்லை. பாலிமார்க்கெட் தளத்தில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி, இடைவெளி 10 சென்டைத் தாண்டினால் மட்டும் கடைசியாகக் கைமாறிய விலை. என் டூல் எப்போதுமே கடைசி விலையைத்தான் கொடுத்தது. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 'விலை' என்று மொட்டையாக எழுதாதீர்கள், எந்த விலை, எந்த அளவில் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். 0.62 என்பதா, 62 சென்ட்டா, 62 சதவீதமா என்பதை மாடலின் ஊகத்துக்கு விட்டால் ஒரு நாள் 0.62 சதவீதம் என்று பதில் வரும். எனக்கு வந்தது.

அடுத்தது டோக்கன் எண். பாலிமார்க்கெட்டில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு டோக்கன் எண் உண்டு, பெரும்பாலும் 70 இலக்கத்துக்கு மேல் நீளும். ஸ்கீமாவில் அதன் வகையை எண் என்று போட்டுவைத்தேன். எண்தானே! ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி முழு எண்ணைப் பிசகாமல் தாங்குவது 9007199254740991 வரைதான், அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். "அப்படி ஒரு சந்தை இல்லை" என்று பதில் வர வர, ஏஜென்ட்டும் சளைக்காமல் அதே எண்ணை நான்கு முறை அனுப்பிக்கொண்டிருந்தது. வகையைச் சரம் (எண்ணாகக் கணக்கிடாமல் வெறும் எழுத்துகளாக வைப்பது) என்று மாற்றினேன், தீர்ந்தது. ஒரு சொல், இரண்டு நாள்.

ஆனால் உண்மையில் என்னைக் கடுப்பேற்றியது எடுத்துக்காட்டுதான். நல்ல டாக்குமென்டேஷனில் எடுத்துக்காட்டு இருக்க வேண்டும் என்று ஒரு நிஜச் சந்தையின் அடையாளத்தை விளக்கத்தில் கொடுத்திருந்தேன். கேள்வி கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும், ஏஜென்ட் தேடவே போகாமல் அந்த எடுத்துக்காட்டையே எடுத்து அனுப்பியது. வட்டி விகிதம் பற்றிக் கேட்டால் ஏதோ விளையாட்டுப் போட்டியின் விலை வருகிறது, அதுவும் துளி சந்தேகமில்லாத தொனியில். எடுத்துக்காட்டைத் தூக்கிவிட்டு "அடையாளத்தை ஊகிக்காதே, முதலில் தேடல் டூலைக் கூப்பிட்டு அது தருவதை அப்படியே பயன்படுத்து" என்று எழுதிய பிறகுதான் அடங்கியது.

கால்ஷி ஆர்டர் புக்கில் வாங்கக் கேட்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள், 'ஆம்' பக்கமும் 'இல்லை' பக்கமும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 100 சென்ட், ஆகவே 'இல்லை'யை 38 சென்டுக்கு ஒருவர் கேட்டால், 'ஆம்' 62 சென்டுக்குக் கிடைக்கும் என்று அர்த்தம். சந்தையில் புழங்குகிறவர்களுக்கு இது சாதாரணம். ஏஜென்ட் "விற்பவர் ஒருவருமே இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டது. அப்புறம் பல வேட்பாளர்கள் உள்ள தேர்தலில் எல்லா 'ஆம்' விலையையும் கூட்டி 103 வருகிறது, தரவு பழுது என்று புகார் வேறு. தனித்தனிச் சந்தைகள், கூட்டினால் சரியாக 100 வர வேண்டிய அவசியமில்லை என்று அதற்கும் ஒரு வரி. மேனிஃபோல்டில் புழங்குவது விளையாட்டுப் பணம், டாலர் இல்லை என்று இன்னொரு வரி.

ரொம்ப ஆபத்தானது முடிவு விஷயம். விலை 0.99 என்று பார்த்ததும் ஏஜென்ட் வெற்றியாளரை அறிவித்துவிட்டது. வர்த்தகம் மூடுவது வேறு, முடிவு உறுதியாவது வேறு, நடுவில் யாராவது ஆட்சேபித்தால் இழுத்துக்கொண்டே போகும். முடிவுப் புலம் காலியாக இருந்தால் "இன்னும் தீர்க்கப்படவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை விளக்கத்தின் முதல் வாக்கியமாகவே வைத்தேன். கடைசியில் வைத்தபோது அவ்வப்போது கோட்டைவிட்டது.

இப்படி வரி வரியாகச் சேர்த்து விளக்கங்கள் வீங்கிவிட்டன, ஒவ்வொரு உரையாடலிலும் அவ்வளவும் மாடலின் தலையில் ஏறும். வெட்டியாக வேண்டும், எதை வெட்டுவது? முப்பது கேள்விகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தேன், ஒரு வரியை நீக்குவது, முப்பதையும் ஓடவிடுவது, பதில் கெடாவிட்டால் அந்த வரி போகட்டும். பாதிக்கு மேல் போய்விட்டது, ஆசையாக எழுதிய வரிகள்தான் முதலில் போயின.

எம்சிபி சர்வர்களைப் பட்டியலிடும் பதிவேட்டில் சேர்க்கும்போது பேக்கேஜ் கோப்பில் ஒரு பெயர், சர்வர் கோப்பில் வேறு பெயர் என்று திரும்பி வந்தது. அனுப்பும் முன் இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

போன வாரம் நண்பர் வேண்டுமென்றே அரைகுறையாக ஒரு கேள்வி கேட்டார். ஏஜென்ட் தேடியது, ஒரே மாதிரி இரண்டு சந்தைகள் கிடைத்தன, "இதில் எதைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டது. திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். ரீட்மி இப்போது பன்னிரண்டே வரி. நேற்று ஒருவர் வந்து, டாக்குமென்டேஷனே எழுதமாட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.