4 எம்பி கார்ட்ரிட்ஜ் இல்லாமல் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இல்லை

எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்பது இருவர் இருவராக அணி சேர்ந்து மோதும் சண்டை கேம். அதன் வீட்டுப் பதிப்பு எது கையில் கிடைத்தாலும் முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். சண்டை நடுவில் பலமான குத்து, பலமான உதை இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். வெளியே நிற்கும் கூட்டாளி பாய்ந்து உள்ளே வர வேண்டும். அதுவரை ஆடியவர் வெளியே போய், இழந்த உயிரில் சிவப்பாகத் தெரியும் பகுதியை மெல்ல மீட்டுக்கொள்ள வேண்டும். 1996-ல் கேப்காம் ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் மெஷின்) கொண்டுவந்த இந்த கேமின் உயிர்நாடியே டேக் எனப்படும் இந்த ஆள் மாற்றம்தான். யாரை எப்போது வெளியே இழுப்பது, எதிராளி எப்போது மாற்றுவான் என்று காத்திருந்து அடிப்பது, எல்லாம் இதைச் சுற்றித்தான். சேகாவின் வீட்டு கேம் மெஷினான சாட்டர்னுக்கு வந்த பதிப்பில் இது முழுசாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் பதிப்பின் வழக்கமான ஆட்டத்தில் இல்லை.

பிளேஸ்டேஷன் வேலைக்கு ஆகாத மெஷின் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிரச்சினை முழுக்க மெமரி. ஆர்கேடில் இந்த கேம் ஓடிய சிபிஎஸ்-2 போர்டில் படங்கள் எல்லாம் ராமில் (தற்காலிக மெமரி) அல்ல, ரோம் (நிரந்தரமாகப் பதிந்த) சிப்புகளில் இருக்கின்றன. எந்தப் படம் வேண்டுமோ அதை அந்தக் கணமே சிப்பிலிருந்து எடுத்துத் திரையில் போடலாம், லோடிங் என்ற பேச்சே கிடையாது. சிடி மெஷினில் அப்படி முடியாது. இரட்டை வேக டிரைவ் விநாடிக்கு 300 கேபி அளவில்தான் படிக்கும். சண்டை தொடங்கும் முன்பே ஆடப்போகிறவர்களின் அத்தனை அசைவுகளும் மெமரியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 நிறப் படத்தில் 16x16 புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்கு 128 பைட் ஆகும். ஜகர்நாட் மாதிரி பெரிய உடம்பை விடுங்கள். நடுத்தர உருவம் ஒன்று 80 கட்டம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் அசைவின் ஒரு நிலைக்கு 10 கேபி. நூறு நிலைகள் சேர்ந்தால் 1 எம்பி. திரையில் இரண்டு பேர் நின்றாலும் டேக் உள்ள ஆட்டத்தில் நான்கு பேரும் தயாராக இருக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் மெயின் மெமரியே 2 எம்பி, வீடியோ மெமரி 1 எம்பி. நிரல், பின்னணி, ஒலி எல்லாவற்றுக்கும் இடம் விட்ட பிறகு நான்கு பேருக்கு அங்கே இடமே இல்லை. அதனால்தான் 1998-ல் வந்த அந்தப் பதிப்பில் கூட்டாளி ஒரு வித்தைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். இரு பக்கமும் அதே இரண்டு பேர் ஆடும் தனி மோடில் மட்டும் மாற்ற முடியும். அங்கே மொத்தம் இரண்டே உருவங்கள் என்பதால் மெமரி தாங்குகிறது.

சாட்டர்னிலும் வொர்க் ராம் 2 எம்பிதான். ஆனால் மேலே ஒரு கார்ட்ரிட்ஜ் ஸ்லாட் இருந்தது. 1997 நவம்பர் 27 அன்று ஜப்பானில் இந்த கேம் வெளியானபோது கூடவே 4 எம்பி ராம் கார்ட்ரிட்ஜும் வந்தது. சண்டைக்கு முன் உருவங்களை அதில் நிரப்பிவிட்டு, தேவைப்படும் நிலையை மட்டும் அங்கிருந்து திரையில் உருவங்களை வரையும் ஸ்ப்ரைட் மெமரிக்கு நகர்த்துவார்கள். எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பேன்: வெட்டிச் சுருக்குவதற்குப் பதில் இடத்தைக் கூட்டினார்கள்.

இதே கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஓடாத சண்டை கேம்கள் இன்னும் நான்கு: வாம்பயர் சேவியர், மார்வெல் சூப்பர் ஹீரோஸ் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் (இரண்டும் 1998), ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஸீரோ 3 (1999), ஃபைனல் ஃபைட் ரிவெஞ்ச் (2000). ஐந்துமே ஜப்பானியப் பதிப்புகள். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95-ஐ இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கேட்பது ராம் அல்ல, தன் படங்களைச் சுமக்கும் சொந்த ரோம் கார்ட்ரிட்ஜ். அதற்கு வேறு எதைச் செருகியும் பயனில்லை.

வாங்கும்போது லேபிளில் 4 எம்பி என்று இருக்கிறதா பாருங்கள். சேகா 1 எம்பி கார்ட்ரிட்ஜும் விற்றது, உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 1 எம்பியைச் செருகினால் இந்த கேம் தொடங்காது.

அடுத்தது ரீஜன், அதாவது எந்தப் பகுதி மெஷினில் எது ஓடும் என்ற பூட்டு. ராம் கார்ட்ரிட்ஜுக்குப் பூட்டு இல்லை, டிஸ்க்குக்கு உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க சாட்டர்னில் ஜப்பானிய டிஸ்க் ஓடாது. பூட்டைத் தாண்ட உதவும் கார்ட்ரிட்ஜும் ராமும் ஒரே ஸ்லாட்டைக் கேட்பதால் இரண்டையும் தனித்தனியாகப் போட வழி கிடையாது. ஜப்பானிய மெஷினும் சேகாவின் கார்ட்ரிட்ஜும் வைத்துக்கொள்வது ஒரு வழி. ராம், ரீஜன் இரண்டையும் ஒன்றாகத் தரும் ஆக்‌ஷன் ரீப்ளே 4எம் பிளஸ் போன்றவை இன்னொன்று. அந்த வகையில் உள்ள சேவ் மெமரியை நம்பாதீர்கள், ஃபைல்கள் கெட்டுப்போகும். மெஷினுக்குள் உள்ள 32 கேபியிலேயே சேவ் செய்வது நல்லது.

ஐரோப்பிய மெஷினில் இன்னொரு சிக்கல்: 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேம் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். காம்போவின் (தொடர் அடி) தாளமே மாறிவிடும். உள்ளே ஸ்விட்ச் வைத்து மாற்றலாம், அது சால்டரிங் வேலை.

கார்ட்ரிட்ஜ் செருகிய பிறகும் அதைச் செருகச் சொல்லி கேம் கேட்டுக்கொண்டே இருக்கிறதா, உருவங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றனவா, லோடிங்கில் நின்றுவிடுகிறதா? பத்தில் எட்டு முறை ஸ்லாட்டின் தொடர்புதான் காரணம், சிப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சாட்டர்ன் ஸ்லாட் தளர்வதற்குப் பேர்போனது. மின்சாரத்தை நிறுத்துங்கள். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கார்ட்ரிட்ஜின் தங்க நிற விளிம்பை, கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். உலர்ந்த பிறகு நாலைந்து முறை செருகி எடுத்தால் ஸ்லாட்டின் பின்களும் சுத்தமாகும். உப்புத்தாள் மட்டும் கூடவே கூடாது. தங்கப் பூச்சு மெல்லியது, போனால் போனதுதான். மெஷின் ஓடும்போது கார்ட்ரிட்ஜைத் தொடவும் கூடாது. லேசாகச் சாய்த்தால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது என்றால் பின்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

ஜப்பானிய சாட்டர்ன் 100 வோல்ட் மெஷின், பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகினால் அந்தக் கணமே பவர் சப்ளை போய்விடும். 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 100 வாட் தாராளம். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது.

டிவி பழைய சிஆர்டி (படக்குழாய் டிவி) என்றால் கவலை இல்லை. புது டிவிகள் பல 240 வரி சிக்னலை 480ஐ (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும் சிக்னல்) என்று எடுத்துக்கொண்டு அலசுவதால் பட்டனுக்கும் திரைக்கும் இடையில் சில ஃபிரேம் தாமதம் சேரும். ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. மூன்று ஃபிரேம் போனாலே கண்ணால் பார்த்துத் தடுப்பது கடினம். கேம் மோடைப் போடுங்கள், முடிந்தால் ஆர்ஜிபி கேபிளோடு ஓஎஸ்எஸ்சி போன்ற லைன் டபுளர் (வரிகளை இரட்டிப்பாக்கி டிவிக்குத் தரும் பெட்டி) வையுங்கள்.

மெஷினைப் போடும் ஒவ்வொரு முறையும் மொழியும் நேரமும் கேட்டால் பின்புற மூடிக்குள் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றினால் சேவ் அழியாது.

மெஷின் இல்லாமல், கணினியில் அதைப் போலவே இயங்கும் மெட்னாஃபென் எமுலேட்டரில் ஆடுவோருக்கும் இதே விதிதான். கார்ட்ரிட்ஜ் தானாகக் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் அமைப்பில் எக்ஸ்ட்ராம்4 என்று கொடுங்கள், ஜப்பானிய பயாஸ் (மெஷினைத் தொடக்கும் நிரலின் ஃபைல்) வையுங்கள்.

கடைசியாக பேட், அதாவது கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர். சாட்டர்ன் பேடின் முகத்தில் ஆறு பட்டன்கள், ஆர்கேட் மேடையைப் போலவே மூன்று மூன்றாக. மேல் வரிசையில் குத்து, கீழ் வரிசையில் உதை என்று வைத்தால் பலமான இரண்டும் வலது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அமையும். கட்டைவிரலைக் குறுக்கே படுத்து ஒரே அழுத்தில் டேக். அதே அழுத்தோடு கீழ், கீழ்-முன், முன் என்று திருப்பினால் சூப்பர் வித்தைகளுக்குச் சேரும் சக்தியில் இரண்டு லெவல் செலவில் இருவரும் சேர்ந்து அடிப்பார்கள். ஆரம்பத்தில் மேற்கு நாடுகளுக்கு வந்த பெரிய பேடைத் தவிர்த்து, சிறிய ஜப்பானிய வடிவத்தையே தேடி வாங்குங்கள்.